மலைச் சாலையில் ஒரு சுமைதாங்கி

தென்காசியில் செங்கோட்டை பஸ் ஏறி, "பார்டருக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் பார்டர் என்று கண்டக்டர் திருப்பிக் கேட்கமாட்டார். சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். சிறிது நேரத்தில் பிரானூர் வரும், நீங்களும் இறங்குவீர்கள். இறங்கி நாலு பக்கமும் பார்த்தால் எல்லைக் கல் இல்லை. சுங்கச் சாவடி இல்லை. வழிமறிக்கும் சேவகனும் இல்லை. மர அறுவை மில்களிலிருந்து வரும் மரத்தூள் வாசனையும், பரோட்டாக் கல்லின் மேல் கரண்டி தட்டும் ஓசையும்தான் வரவேற்கும். "இதுவா எல்லை?" என்று வெளியூர்க்காரர் திகைத்துப் போவார்.

1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதிக்கு முன்னால் வந்திருந்தால் அவர் திகைத்திருக்கமாட்டார். அதுவரை இது எல்லைதான். கிழக்கே தென்காசி சென்னை ராஜ்யத்தில். மேற்கே செங்கோட்டை திருவிதாங்கூரில். சமஸ்தானத்து நாளில் இந்த ஓரிடத்தைத் தாண்டினால் கையிலுள்ள காசு மாறும். ரூபாயும் அணாவும் போய்ச் சக்கரமும் பணமும் வரும். கடிதம் போடுவதென்றால் இந்தப் பக்கம் தபால், அந்தப் பக்கம் அஞ்சல். திருவிதாங்கூர் தனக்கென்று நடத்திய கடிதப் போக்குவரத்துக்கு 'அஞ்சல்' என்று பெயர். அந்த இலாகா 1951-ல் இந்தியத் தபாலோடு சேர்ந்து மறைந்தது. சொல்லுக்கு மட்டும் ஆயுள் கெட்டி. இன்று தமிழ்நாடு முழுவதும் தபால் நிலையப் பலகைகளில் 'அஞ்சலகம்' என்று வீற்றிருக்கிறது.

ராஜ்யங்களைத் திருத்தி அமைத்தபோது செங்கோட்டை வட்டத்தின் கிழக்குப் பகுதி சென்னையோடு சேர்ந்தது. மலை மேலுள்ள ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு ஒரே நாளில் பிரானூரிலிருந்து கிளம்பி, புளியரை தாண்டி மலை ஏறிப் போய்விட்டது. கடைகள் கூடப் போகவில்லை. அவை ஏன் போகவேண்டும்? வண்டி நிற்கிற இடத்தில் கடை முளைக்கும். சோதனைக்காக மாட்டு வண்டி நிற்கும். நிற்கிற மாட்டுக்குத் தண்ணீரும் வைக்கோலும் வேண்டும். நிற்கிற மனிதனுக்குக் காப்பியும் சோறும் வேண்டும். நிற்கவைத்த சட்டம் போய்விட்டாலும், பசித்தால் இங்கே நிற்கலாம் என்ற பழக்கம் போகவில்லை. இன்று குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியில் நனைந்த கையோடு இங்கே வந்து பரோட்டாவும் கோழியும் சாப்பிடுகிறார்கள். சரித்திரத்தைச் சாப்பிடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் ருசி குறையப் போவதுமில்லை.

இந்தச் சாலையில் வழிப்போக்கனுக்குக் கிடைத்த சௌகரியங்களைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன். அரசர்களின் சண்டையைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கால் வலித்தவன் எங்கே உட்கார்ந்தான், தாகம் எடுத்தவன் எங்கே குடித்தான் என்பதும் சரித்திரம்தானே?

செங்கோட்டையைத் தாண்டினால் சாலையின் இரு பக்கமும் வயலும் தென்னையும். எதிரே சுவர் மாதிரி மலை. 'இந்தச் சுவரில் எங்கே வாசல்?' என்று தேடிக்கொண்டே போனால் புளியரையில் சாலை பாம்பு போல் வளைந்து ஏறத் தொடங்கும். அந்த வளைவுக்கு 'எஸ் வளைவு' என்று பெயர். அதற்கு மேலே கோட்டைவாசல். அங்கே கருப்பசாமி காவல் இருக்கிறார். லாரி டிரைவர்கள் காணிக்கை போட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள். பிறகு ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர் என்று பாதை இறங்கிக் கொல்லத்துக் கடலை நோக்கிப் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை விட்டுவைத்த சில இடைவெளிகளில் இது ஒன்று. இந்த வழியாகத்தான் தென்மேற்குக் காற்று நுழைகிறது. மழையின் பெரும் பங்கை மலையாளத்தில் கொட்டிவிட்டு, மிச்சத்தைச் சாரலாகத் தூவிக்கொண்டு தென்காசிக்கு வந்து சேருகிறது. மனிதனும் காற்றைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தானோ என்னவோ! கிழக்கேயிருந்து நெல்லும் வைக்கோலும் காய்கறியும் மேற்கே போயின. மேற்கேயிருந்து மிளகும் பாக்கும் மரமும் கிழக்கே வந்தன.

இந்தச் சரக்கெல்லாம் எப்போதும் வண்டியில் போகவில்லை. எத்தனையோ காலம் மனிதர் தலையில்தான் போயிற்று. தலைச்சுமைக்காரனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அவன் உட்காரலாம், ஆனால் சுமையைத் தானாக இறக்க முடியாது, இறக்கினால் தானாக ஏற்றவும் முடியாது. இரண்டுக்கும் இன்னொரு ஆள் வேண்டும். நடுவழியில் இன்னொரு ஆளுக்கு எங்கே போவது? அதற்காகத்தான் பாண்டி நாட்டுச் சாலைகளிலும் வேணாட்டுச் சாலைகளிலும் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். ஆள் உயரத்துக்கு இரண்டு கல் தூண்; மேலே குறுக்காக ஒரு கல். சுமைக்காரன் கல்லுக்குப் பக்கத்தில் வந்து, குனியாமல், பிறர் கையை எதிர்பார்க்காமல், சுமையை அதன் மேல் தள்ளி விடலாம். களைப்பு ஆறியதும் அதே உயரத்தில் தலைக்கு மாற்றிக்கொண்டு நடக்கலாம். இவ்வளவு சிக்கனமான சௌகரியத்தைக் கண்டுபிடித்தவனுக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது.

பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நடுவது நம் வழக்கம். சுமையை இறக்காமலே போய்விட்டாள் அல்லவா? அவள் பெயரால் ஊரார் சுமையெல்லாம் இறங்கட்டும் என்று அந்தக் குடும்பத்தார் நினைத்தார்கள். தங்கள் துக்கத்தை முன்பின் தெரியாதவனுக்கு ஒரு சௌகரியமாக மாற்றினார்கள். கல்லுக்குக் கதவு கிடையாது. நீ யார், எந்த ஜாதி, எந்த ராஜ்யம் என்று அது கேட்டதும் கிடையாது.

மற்றச் சௌகரியங்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியவில்லை. திருவிதாங்கூர் அரசர்கள் வழிநெடுக ஊட்டுப்புரைகள் வைத்துச் சோறு போட்டார்கள். அரிய தர்மம்தான், ஆனால் அந்த இலை பிராமணர்களுக்குப் போட்ட இலை. வெள்ளைக்காரன் வந்தபின் ஊருக்கு ஊர் டிராவலர்ஸ் பங்களாக்கள் வந்தன. அவற்றில் துரைமாரும் அதிகாரிகளும் தங்கினார்கள். சாலையில் பெரும்பான்மையாக நடந்தவன் எவனோ, அவனுக்கு இரண்டு கதவும் சாத்தியிருந்தன. அவனுக்குக் கிடைத்தவை மர நிழல், தண்ணீர்ப் பந்தல், சுமைதாங்கிக் கல் இவைதான்.

கோயில் கதவும் அப்படித்தான் இருந்தது. இந்தப் பிரானூர் எல்லை அதில் ஒரு விசித்திரம் செய்து காட்டியது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். அரசாங்கத்தின் பொறுப்பிலிருந்த கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர். கிழக்கே சென்னை மாகாணத்தில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கதவு திறக்க 1939 ஜூலை ஆகிவிட்டது; அதையொட்டித்தான் சட்டமும் வந்தது. ஆக, இடையிலிருந்த இரண்டரை வருஷத்துக்கு மேல், ஹரிஜன் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட ஒருவனுக்கு இந்தச் சாவடிக்கு மேற்கே கடவுள் எதிரே நிற்க உரிமை இருந்தது. கிழக்கே திரும்பி வந்தால் அந்த உரிமைக்குச் சட்டம் துணை நிற்கவில்லை. காசு மாறிய இடத்தில் மனிதனின் மதிப்பும் மாறியது.

1904-ல் மலையைக் குடைந்து ரெயில் வந்தது. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை குகைகளும் பாலங்களுமாகப் போட்ட பாதை. கழுதுருட்டிக்குப் பக்கத்தில் சாலையை ஒட்டிப் பதின்மூன்று வளைவுகளோடு நிற்கும் கருங்கல் பாலத்தை இன்றும் வண்டியை நிறுத்திப் பார்க்காமல் போகிறவர்கள் குறைவு. ஊட்டுப்புரையும் பங்களாவும் செய்யாததை மூன்றாம் வகுப்புப் பெட்டி செய்தது. காசு கொடுத்தவன் எல்லாரும் ஒரே பலகையில் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. அந்த மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்துவதற்காக 2010-ல் மூடினார்கள். 2018-ல்தான் அகலப் பாதை திறந்தது. நடுவில் ரெயில் இல்லாத அந்த வருஷங்களில் அதன் பாரத்தையும் இந்தச் சாலைதான் சுமந்தது.

மலையிலிருந்து இறங்கிக் குற்றாலத்துக்கு வருவோம். குற்றாலத்துக்கு ஜனங்களை அழைத்துவந்ததில் முதல் பங்கு யாருக்கு என்று கேட்டால், மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு என்று சொல்வேன். 18-ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சிக்கு மதுரை முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் மானியம் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். எந்த அரசாங்கத்தின் சுற்றுலா இலாகாவும் ஒரு விளம்பரத்துக்கு இவ்வளவு நீண்ட பலனைக் கண்டிருக்காது. அந்த நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வந்து, ஜாதிக்காயும் கிராம்பும் இங்கே வளருமா என்று தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். திருநெல்வேலி வெயில் தாங்காத துரைமார் பங்களா கட்டிக்கொண்டார்கள். கவிராயர் அழகைப் பார்த்த இடத்தில் கம்பெனி வியாபாரத்தையும் ஆரோக்கியத்தையும் பார்த்தது.

இன்னொரு பங்களாவும் உண்டு. அதற்குக் காவற்காரன் கிடையாது. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் 1954-ல் மறையும்வரை குற்றாலத்தில் வாழ்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். கம்பனைக் கேட்க ஆசைப்பட்ட பேர் தெரியாத வாலிபர்களும் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே விருந்து: முதலில் சாப்பாடு, பிறகு கவிதை. குற்றாலத்தின் பெரிய சௌகரியம் அந்நாளில் அந்த வீட்டுத் திண்ணைதான் என்று சொன்னால் அருவி கோபித்துக்கொள்ளாது.

இப்போது பெரிய அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாவற்றிலும் விளக்கு உண்டு. பெண்களுக்குத் தனி இடம் உண்டு. உடை மாற்ற அறை உண்டு. வெண்ணமடைக் குளத்தில் படகு விடுகிறார்கள். வருஷந்தோறும் அரசாங்கம் சாரல் விழா நடத்துகிறது. சோப்பும் ஷாம்புவும் எண்ணெயும் அருவியில் கூடாது என்று தடையும் இருக்கிறது. மலைக்கு அப்பால் தென்மலையில், திட்டமிட்டு அமைத்த இந்தியாவின் முதல் இயற்கைச் சுற்றுலாத் தலம் என்ற பெயரோடு காட்டுக்குள் நடைபாதை போட்டிருக்கிறார்கள். குறை சொல்ல இடமில்லாமல் செய்ய வேண்டியதைச் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. அது சீஸன்கூட அல்ல, கோடை மழை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவனைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. விடுமுறைக்கு வந்த பிள்ளை. மேலே மலையில் பெய்கிற மழை கீழே நிற்பவன் கண்ணுக்குத் தெரியாது. அவன் தலைக்கு மேல் வெயில்கூட அடிக்கலாம். பெரிய அருவியில் ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. ஊர்க்காரர்கள், "ஆர்ச்சைத் தாண்டிவிட்டது" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. எனக்கு இந்த வளைவுதான் இந்தக் காலத்துச் சுமைதாங்கி என்று தோன்றுகிறது. ஊர் தெரியாத, நீர் தெரியாத ஒருவனுக்காக, ஊரும் நீரும் தெரிந்த ஒருவன் முன்கூட்டி யோசித்து வைத்த அடையாளம் அது. அருவிக்கு அருவி அந்த யோசனை வேண்டும். மலை மேல் மழையைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மே மாதத்திலும் இருக்க வேண்டும். வழவழப்பான ஓட்டுத் தளமும் வண்ண விளக்கும் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

கட்டுவது சுலபம், கட்டியதைப் பார்த்துக்கொள்வதுதான் கடினம். இதை நமக்கு முன்னமே அறிந்தவன் ஒருவன் தென்காசியில் இருந்தான். பஸ் ஏறிய இடத்துக்கே திரும்பிப் போவோம். வடகாசிக்கு நடந்து போக முடியாதவர்களுக்காகப் பராக்கிரம பாண்டியன் 1446-ல் இங்கே விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினான். அதுவும் வழிப்போக்கனுக்குச் செய்த சௌகரியந்தான். ஆயிரம் காத வழியைக் குறைத்துக் கொடுத்தான். பிறகு கோபுரம் தொடங்கினான். அதை அவன் தம்பி முடித்ததாகச் சொல்வார்கள். கோயிலில் அவன் பாட்டாகவே வெட்டிவைத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. அரசர்களின் கல்வெட்டு என்றால் வென்ற நாடுகளின் பட்டியலை எதிர்பார்ப்போம். இவனோ ஒரு விண்ணப்பம் எழுதினான். இந்தக் கோயிலில் பின்னால் ஏதாவது குறை நேர்ந்தால், அதைத் திருத்திக் காப்பவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் காலில் நான் இப்போதே விழுகிறேன் என்பது அதன் சாரம்.

குறை நேரத்தான் செய்தது. கோபுரம் சிதைந்து, பிளந்து, வெகு காலம் மொட்டையாக நின்றது. 1990-ல் மறுபடி ஒன்பது நிலையாக எழுந்து குடமுழுக்குக் கண்டது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய கும்பிடுக்கு அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது.

கோபுர வாசலில் நுழையும்போது மலைக் கணவாய் வழியாக வந்த காற்று எதிரே வந்து தள்ளும். ஒவ்வொரு வருஷமும் மார்கழிப் பிறப்பை ஒட்டி, அச்சன்கோயில் ஐயப்பனின் திருவாபரணப் பெட்டி புனலூரிலிருந்து புறப்பட்டு, இந்த மலைச் சாலை வழியே வந்து, இதே வாசலில் வரவேற்புப் பெற்றுவிட்டுப் போகிறது. இரண்டு ராஜ்யத்துப் போலீஸாரும் அதற்குத் துணை வருகிறார்கள். கூட்டத்தோடு நானும் அங்கே நின்றிருக்கிறேன். பெட்டியைத் தொட்டுக் கும்பிட எல்லாரும் முண்டினார்கள். ஓரமாக ஒரு கிழவர் மட்டும், கூட்டத்தில் நசுங்கவிருந்த ஒரு குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "யார் பிள்ளையப்பா இது?" என்று சத்தம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பராக்கிரம பாண்டியன் விழுந்து கும்பிட்ட கால்களில் அவருடைய காலும் ஒன்று என்று எனக்குப் பட்டது.