ஆறாம் வகுப்பின் வாசலில்: பெங்களூரும் உள்ளடங்கிய கல்வியும்

இந்தியாவில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் கல்வி வரலாறு, சட்டங்களின் வரலாறாக எழுதப்படுவதே வழக்கம். அச்சட்டங்கள் பள்ளிக்குள் நுழைந்த பின் எந்த வகுப்பில் தடுமாறுகின்றன என்பதும் வரலாற்றுக் கேள்வியே. பெங்களூரை முன்வைத்து அதனை ஆராயலாம்.

தொடக்கம் தனிப்பள்ளிகளில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் மிஷனரிகள் பார்வையற்றோருக்கும் செவித்திறனற்றோருக்கும் பள்ளிகள் நிறுவினர். மைசூர் சமஸ்தானத்திலும் 1901இல் இத்தகைய பள்ளி தோன்றியது. பொதுப்பள்ளிகள் தர இயலாத பிரெய்லி முதலிய பயிற்சிகளை இவை தந்தன. ஆயினும், இக்குழந்தைகளின் இடம் பொதுப்பள்ளிக்கு வெளியேதான் என்ற எண்ணமும் இவற்றோடு சேர்ந்தே வேரூன்றியது.

விடுதலைக்குப் பின், கோத்தாரி ஆணையம் (1964–66) இயன்ற அளவு இக்குழந்தைகளைப் பொதுப்பள்ளியிலேயே சேர்க்குமாறு பரிந்துரைத்தது. 1974இல் நடுவண் அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 1992இல் திருத்தப்பட்ட அத்திட்டம் 8 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று வகுத்தது.

பெங்களூரில் இப்பணியின் பெரும்பகுதியைத் தன்னார்வ அமைப்புகளே சுமந்தன. இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட என். எஸ். ஹேமா 1959இல் உருவாக்கிய அமைப்பு (இன்றைய ஏ.பி.டி.) லிங்கராஜபுரத்தில் ஓர் ஒருங்கிணைந்த பள்ளியை நடத்தியது. மாற்றுத்திறன் கொண்டோரும் அல்லாதோரும் அங்கு ஒரே வகுப்பில் பயின்றனர். பொதுப்பள்ளி தன் கதவைத் திறக்கும் வரை காத்திராமல், மாற்றுத்திறன் கொண்டோருக்கான அமைப்பே பிற குழந்தைகளுக்கும் இடமளித்தது என்பது கருதத்தக்கது. 1980இல் கர்நாடக ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி தொடங்கப்பட்டது. ஆனால் இந்நிறுவனங்களின் வலிமைக்கு மற்றொரு விளைவும் உண்டு. நகரில் நல்ல சிறப்புப் பள்ளி இருக்கும்போது, குழந்தையை அங்கே அனுப்பிவிடுவது பொதுப்பள்ளிக்கு எளிதாகிறது.

1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசுகள் ஏற்ற பிரகடனம் சிந்தனையைத் திசைதிருப்பியது. ஒருங்கிணைப்பில் குழந்தை பள்ளிக்கேற்பத் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டும். உள்ளடங்கிய கல்வியில் பள்ளியே குழந்தைக்கேற்ப மாற வேண்டும். இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டமும், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், அதன் 2012ஆம் ஆண்டுத் திருத்தமும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. 1995இல் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 2016இல் 21 ஆயின. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அப்போதுதான் பட்டியலில் இடம்பெற்றன.

இந்த விரிவாக்கம் நடுநிலை வகுப்புகளில்தான் சோதனைக்கு உள்ளாகிறது. தொடக்க வகுப்பில் ஒரே ஆசிரியர் நாள் முழுதும் குழந்தையோடு இருந்து அதன் போக்கை அறிகிறார். ஆறாம் வகுப்பு முதல் பாடத்திற்கோர் ஆசிரியர் வந்து போகிறார். குழந்தையை முழுமையாக அறிந்தவர் எவருமிலர். கர்நாடக மாநிலப் பாடத்திட்டத்தில் மூன்றாம் மொழி தொடங்குவதும் ஆறாம் வகுப்பிலேதான். வீட்டில் தமிழ் பேசும் பெங்களூர்க் குழந்தைக்கு டிஸ்லெக்சியா இருப்பின், கன்னடத்தோடும் ஆங்கிலத்தோடும் போராடும் அதன் முன் பெரும்பாலும் தேவநாகரி என்னும் மூன்றாவது எழுத்துமுறை வந்து நிற்கும். குறைபாடு குழந்தையினுடையது, சுமையைக் கூட்டியது பாடத்திட்டம்.

சிறப்பாசிரியர் பணியிடங்களுக்கு விகிதம் வகுக்குமாறு 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022இல் அறிவிக்கப்பட்ட விகிதப்படி, தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கும் நடுநிலை வகுப்புகளில் 15 குழந்தைகளுக்கும் ஒரு சிறப்பாசிரியர். வயது ஏற ஏற உதவியின் தேவை குறையும் என்ற அனுமானம் இந்த எண்களில் உறைந்துள்ளது. 1992இன் 8 என்ற எண், குறுகிய பட்டியலுக்கு வகுக்கப்பட்டது. பட்டியல் விரிந்த காலத்தில் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்காகிறது.

உரிமையின் எல்லையைச் சட்டம் விரித்திருக்கிறது. அதைச் செயற்படுத்தும் ஆசிரியரின் கையை விகிதம் சுருக்கியிருக்கிறது. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் படித்தால்தான், சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கும் குழந்தை ஆறாம் வகுப்பிற்குப் பின் ஏன் பின்தங்குகிறது என்பது விளங்கும். நடுநிலை வகுப்பைத் தனி ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் வரலாற்றெழுத்து இனித்தான் வளர வேண்டும்.