சோடாவின் சமூக வரலாறு: பிரேசர் டவுனிலிருந்து சில குறிப்புகள்

2025 மார்ச்சில் ஒன்றிய வணிக அமைச்சகம் வெளியிட்ட செய்திக்குறிப்பு ஒன்று, கோலி சோடாவை இந்தியாவின் மரபுப் பானமாக அறிமுகப்படுத்தியது. ‘கோலி பாப் சோடா’ என்ற புதுப்பெயருடன் அது வளைகுடா நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் செல்லத் தொடங்கியிருப்பதை அக்குறிப்பு பெருமிதத்துடன் தெரிவித்தது. அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. கழுத்தில் கண்ணாடிக் குண்டு அடைத்த அந்தப் புட்டிக்கு 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றவர் இலண்டனின் கேம்பர்வெல் பகுதியைச் சேர்ந்த ஹைரம் காட் என்னும் பொறியாளர். பிரிட்டன் தான் மறந்துவிட்ட புட்டியை இன்று இந்தியாவின் பாரம்பரியமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஜப்பானியர் இதே புட்டியை ‘ராமுனே’ என்ற பெயரில் தம்முடையதாக்கிக் கொண்டுவிட்டனர்; எனவே உரிமை கோருவதில் நாம் தனித்தவர்கள் அல்லர்.

இந்தப் பதிவின் நோக்கம் கேலி அன்று. ஒரு பொருள் எப்போது, யாருடைய உழைப்பின் வழியாக, எந்த அச்சத்தின் காரணமாக ஓர் ஊரின் அன்றாடத்துக்குள் நுழைகிறது என்பதை ‘மரபு’ என்ற சொல் மறைத்துவிடுகிறது. என் ஆய்வுக்களமான பெங்களூருவின் பிரேசர் டவுனை வைத்து இதைச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

பிரேசர் டவுன் ஓர் அச்சத்தின் விளைவாகப் பிறந்த ஊர். 1898 ஆகஸ்டில் பெங்களூருவில் பிளேக் பரவியது. 1809இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து படை இடம்பெயர்ந்தபோது உருவான தண்டுப் பகுதியில், அப்படையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்கள் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்துவந்தனர். நோய் அந்த நெருக்கத்தைக் குற்றமாக்கியது. நெரிசலைக் கலைக்கத் திட்டமிடப்பட்ட புறநகர்களுள் ஒன்று 1910ஐ ஒட்டி வடிவம் பெற்று, அன்றைய மைசூர் ரெசிடென்ட் ஸ்டூவர்ட் மிட்ஃபோர்டு பிரேசரின் பெயரைத் தாங்கியது. அதன் வடிவமைப்பில் முதன்மைப் பங்காற்றிய பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், பிளேக் புகாத நகரமைப்பைப் பற்றி 1914இல் ஒரு நூலே வெளியிட்டார். எலி வளை தோண்ட இயலாத அடித்தளம், காற்றோட்டம், நேர்க்கோட்டுத் தெருக்கள் என்று சுகாதாரக் கோட்பாடு ஒன்று கல்லிலும் சுண்ணாம்பிலும் எழுதப்பட்ட இடம் இது. பின்னாளில் புலிகேசி நகர் என்று பெயர் மாற்றப்பட்டும், ஊர் மக்கள் நாவில் இன்றும் அது பிரேசர் டவுன்தான்.

எலிக்கு முன்னரே தண்டு அஞ்சியது தண்ணீருக்குத்தான். அல்சூர் ஏரி உள்ளிட்ட நீர்நிலைகளை நம்பியிருந்த பகுதிக்கு 1870களின் பஞ்சத்திற்குப் பின் சாங்கி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அர்க்காவதியின் குறுக்கே அமைந்த ஹெசரகட்டாவிலிருந்து குழாய்நீர் வந்தது 1890களின் நடுவில். இடைப்பட்ட காலம் முழுவதும் காலராவும் குடற்காய்ச்சலும் படையின் இறப்புக் கணக்கில் இடம்பெற்றுக் கொண்டேயிருந்தன. சோடா இந்தியத் தண்டுகளில் இன்றியமையாததானது இந்தச் சூழலில்தான். ஜோசப் பிரீஸ்ட்லி 1767இல் லீட்ஸ் நகரின் மதுவடிப்பாலை ஒன்றில் செயற்கையாக வளிநீர் செய்து பார்த்ததும், 1783இல் ஜெனீவாவில் ஷ்வெப் அதைத் தொழிலாக்கியதும் பலரும் அறிந்த செய்திகள். ஐரோப்பாவில் அது மருந்தாகவும் பின்னர் இன்பப்பொருளாகவும் விற்றது. இங்கே அது நீருக்கான மாற்று. படைப்பிரிவுகள் தமக்கெனச் சோடாத் தொழிற்கூடங்கள் நடத்தின. சென்னையில் 1860களில் தோன்றிய ஸ்பென்சர் நிறுவனம் வளிநீர் உற்பத்தியில் பெரும்பெயர் பெற்றது. வட இந்தியாவில் சோடாவுக்கு ‘பிலாயதி பானி’, அதாவது சீமைத் தண்ணீர், என்ற பெயர் வழங்கியதை 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பதிவுசெய்கிறது. (1896இல் பெங்களூரு வந்த இளம் அதிகாரி சர்ச்சிலைப் பற்றியும், அவர் கிளப்பில் விட்டுச்சென்ற 13 ரூபாய் பாக்கியைப் பற்றியும் இந்நகரில் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவதில்லை.)

அந்த நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் அரைகுறையாகவே இருந்தது. கரியமில வாயு கரைந்த நீர் சற்று அமிலத்தன்மை கொண்டது. காலராக் கிருமி அமிலத்தைத் தாங்காது. ஆனால் குடற்காய்ச்சலின் கிருமி அவ்வளவு எளிதில் சாவதில்லை. கெட்ட நீரில் வாயுவைச் செலுத்தினால் கிடைப்பது நுரைக்கும் கெட்ட நீர்தான். படை மருத்துவர்கள் பின்னாளில் சோடாத் தொழிற்கூடங்களையே நோய்க்கூடங்களாக ஐயுறத் தொடங்கியது இதனால்தான்.

இனி அந்தப் புட்டி. காட் வடிவமைத்த புட்டியில் தக்கை இல்லை. கழுத்தில் ஒரு ரப்பர் வளையம், உள்ளே ஒரு கண்ணாடிக் குண்டு. தலைகீழாகப் பிடித்து நீரையும் வாயுவையும் செலுத்தினால், குண்டு வாய்ப்பக்கம் இறங்கும். உள்ளழுத்தம் அதை வளையத்தோடு இறுக்கிவிடும். வாயுவே தனக்குத் தாழ்ப்பாள். தக்கையும் கம்பியும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஒரே புட்டியை எத்தனை முறையும் நிரப்பலாம். சிறு முதலீட்டில் தொழில் தொடங்க இதைவிட வேறென்ன வேண்டும்? ஐரோப்பிய நிறுவனங்களின் கையிலிருந்த சோடா, தண்டின் சந்துகளுக்கு இறங்கியது இந்தச் சிக்கனத்தால். தொடக்கத்தில் கந்தக அமிலத்தைச் சுண்ணக்கல்லின் மீதோ சோடா உப்பின் மீதோ ஊற்றி வாயு எடுத்தனர். பின்னர் உருளைகளில் அடைத்த வாயு வந்தது. கையால் சுழற்றும் இரும்புக் கூண்டில் புட்டிகளை வைத்து நிரப்புவது மட்டும் நெடுங்காலம் மாறவில்லை.

மசூதி சாலையை ஒட்டிய சந்தொன்றில் அப்படியொரு கூண்டை முப்பது ஆண்டுகள் சுழற்றிய முதியவர் ஒருவரோடு பல மாலைகள் பேசியிருக்கிறேன். தெருவே அவரைச் ‘சோடா பாய்’ என்றழைக்கிறது. வலக்கையில் மூன்று நீண்ட தழும்புகள். தேய்ந்த பழைய புட்டி அழுத்தம் தாங்காமல் வெடிப்பது அத்தொழிலில் அன்றாட நிகழ்வு. முகத்துக்குக் கம்பிவலை உண்டு. கோடையில் வியர்வை வழியும்போது அதைக் கழற்றிவிடுவார்களாம். சோடாப் புட்டி வெடித்துக் கண்ணிழந்தவர்களைப் பற்றிக் கண் மருத்துவ ஆய்விதழ்களில் கட்டுரைகள் உண்டு. தடித்த மூக்குக் கண்ணாடியைச் ‘சோடாபுட்டி’ என்று நாம் கேலி செய்யும் தமிழில், அந்தப் புட்டியால் கண் போனவர்களுக்கு ஒரு சொல்லும் இல்லை. மரபுப் பானம் என்ற செய்திக்குறிப்பில் எனக்கு உறுத்திய இடம் இதுவே.

சோடாவின் இன்னொரு பணி, தீண்டல் விதிகளைக் கலைத்தது. அல்லது கலைத்ததுபோல் காட்டியது. ரயில் நிலையங்களில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று பானைகள் தனித்தனியே இருந்த காலத்திலும், பனிக்கட்டியையும் சோடாவையும் யார் செய்தது என்று கேளாமல் உயர்சாதியினர் பலர் ஏற்றுக்கொண்டதைக் காலனிய இனவரைவியலாளர்கள் வியப்போடு குறித்துள்ளனர். பொறி செய்தது, மூடி முத்திரையிட்டது, மனிதக் கை படாதது என்பது அவர்கள் கண்டெடுத்த சமாதானம். உண்மையில் கை படாத சோடா என்று ஒன்று இருந்ததே இல்லை. புட்டியைக் கழுவியதும் நிரப்பியதும் கைதான். கண்ணுக்குத் தெரியாத கையோடு சாதி சமரசம் செய்துகொண்டது என்பதே சரியான விவரிப்பு என்று கருதுகிறேன். அதே கை ஒரு குவளையில் நீர் மொண்டு கொடுத்திருந்தால் அது ஏற்கப்பட்டிருக்காது.

சமையலறைக்கு வருவோம்; சோடாவின் மிக நீண்ட வரலாறு உண்மையில் அங்கேதான் இருக்கிறது. ‘சோடா’ என்ற ஐரோப்பியச் சொல் முதலில் குறித்தது உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலை. அதே செடிக்குடும்பத்தைச் சேர்ந்த உமரி நம் கடற்கரைக் கழிகளில் வளர்கிறது. தமிழில் இந்தப் பொருள்வகைக்கு உரிய சொல் ‘காரம்’. இன்று மிளகாயின் சுவையைக் குறிக்கும் இச்சொல்லின் மற்றொரு பொருள், வெங்காரம், படிகாரம், சவர்க்காரம் ஆகியவற்றில் அப்படியே உறைந்து நிற்கிறது. அப்பளம் பொரிந்து உப்பச் சேர்க்கும் ‘அப்பளக்காரம்’ சோடா உப்பின் மூத்த உறவு. வெளுப்பதற்கு உவர்மண் பயன்பட்டதும் அதிலுள்ள சோடாவினால்தான். ஆகவே சமையல் சோடா என்ற வெண்பொடி வந்தபோது, தமிழ் வீடுகளுக்குப் புதிதாக இருந்தது அதன் தூய்மையும் பொட்டலமும் மட்டுமே.

‘ஆப்ப சோடா’ என்ற பெயரைக் கவனியுங்கள். ஆப்ப மாவைப் புளிக்க வைத்தது கள். இந்தியாவில் ஐரோப்பியரின் ரொட்டியும்கூட நெடுங்காலம் கள்ளால்தான் உப்பியது. 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியபோது, கள் சமையலறையிலிருந்தும் வெளியேறியது. அது விட்டுச்சென்ற இடத்தைச் சோடா நிரப்பியது என்பது என் வாசிப்பு. மதுவிலக்கின் வரலாற்றைக் குடிப்பவனின் கோணத்திலிருந்து எழுதியவர்கள் பலர். ஆப்பம் சுட்டவளின் கோணத்திலிருந்து எழுத இன்னும் இடமிருக்கிறது. ஆய்வு மாணவர்கள் யாரேனும் எடுத்துக்கொள்ளலாம்.

பிரேசர் டவுன் வீடுகளில் சோடா உப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரில் கொண்டைக்கடலை எளிதில் வேகாது. சுண்ணச் சத்து தோலை இறுக்கிவிடும். ஒரு சிட்டிகை சோடா அதை இளக்கும். கூடவே தயமின் என்ற உயிர்ச்சத்தை அழித்தும் விடும். 1902ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்ட ஆல்பர்ட் பேக்கரி மசூதி சாலையில் இன்றும் இயங்குகிறது. கிறிஸ்தவருக்குப் புனித வெள்ளி பன்னும், ரமலான் மாலைக்குரிய பண்டங்களும் ஒரே அடுப்பங்கரையிலிருந்து வெளிவரும் இடம் அது. அடுப்பில் மாவை உயர்த்துவதும் புட்டியில் நுரைப்பதும் ஒரே கரியமில வாயு என்பதை வேதியியல் ஆசிரியர்கள் அங்கே மாணவர்களை அழைத்துச் சென்றே விளக்கலாம்.

இந்த வெண்பொடி வெகுகாலம் கப்பலில் வந்த பொருள். 1939இல் டாடா நிறுவனம் குஜராத்தின் மிட்டாப்பூரில் தொடங்கிய ஆலை உள்நாட்டு உற்பத்தியில் ஒரு திருப்பம். தமிழ்நாட்டில் தூத்துக்குடியின் உப்பு இத்தொழிலை ஈர்த்தது. அங்குள்ள ஆல்கலி ஆலை ஒன்று 2016இல் தன் கொதிகலன் புகையிலிருந்தே கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா செய்யத் தொடங்கி உலகச் செய்தியானது.

குளிர்பான நிறுவனங்களின் கதை பலமுறை சொல்லப்பட்டுவிட்டதால் சுருக்குகிறேன். 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க், 1950களின் இறுதியில் பொவண்டோவைத் தந்தது. நிறமேற்றிய சோடாவைத் தமிழர் ‘கலர்’ என்றழைத்தனர். விருந்தினருக்குக் கலர் வாங்கிக் கொடுப்பது ஒரு தலைமுறையின் உபசாரம். 1977இல் கோக்க கோலா வெளியேறியபோது அரசு கொண்டுவந்த ‘டபுள் செவன்’ பானத்தின் கலவை மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் உருவானது. 1993இல் கோலா திரும்பியது. 2017இல் சல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து தமிழக வணிகர் அமைப்புகள் அந்நியக் குளிர்பானங்களைப் புறக்கணித்தபோது, விவாதம் சுவையைப் பற்றியதாக இல்லை. தாமிரபரணி நீர் யாருக்கு என்பதைப் பற்றியதாக இருந்தது. மீண்டும் தண்ணீர்.

மேடைப் பேச்சாளர் உரையின் நடுவே சோடா கேட்பதும், அதே கூட்டம் கலையும்போது அதே புட்டி பறந்து வருவதும் தமிழ் அரசியல் பண்பாட்டின் தனி அத்தியாயம். அதை வேறொரு பதிவுக்கு ஒதுக்குகிறேன்.

சென்ற ரமலானில், பின்னிரவு வரை நெரிசல் குறையாத மசூதி சாலையில், கறியும் கபாபும் உண்டவர்கள் செரிமானத்துக்கென்று எலுமிச்சைச் சோடா கேட்டுக் காத்திருந்தனர். சோடா பாய் இப்போது கூண்டு சுழற்றுவதில்லை. மகன் வாயு உருளையை இணைத்து நெகிழிப் புட்டிகளில் நிரப்புகிறார். அலங்காரத்துக்காக ஒரு பழைய கோலிப் புட்டி மட்டும் பலகையில் நிற்கிறது. நிரப்பும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். குழாய்நீரில்லை, கிணற்றுநீருமில்லை, இரண்டையும் வாடிக்கையாளர்கள் நம்புவதில்லை என்று சொல்லி, சுவரோரம் அடுக்கியிருந்த 20 லிட்டர் கேன்களைக் காட்டினார். 2024 கோடையில் நகரமே நீருக்குத் தவித்தபோது கேன் கிடைக்காத நாள்களில் கடையை மூடிவைத்ததாகவும் கூறினார்.