வாப்பா பிடித்த சொல்: 'வோ கௌன் தீ?' பாட்டும் கொழும்பு வானொலியும்

1964இல் வெளியான 'வோ கௌன் தீ?' என்ற ஹிந்திப் படத்தை எங்கள் வாப்பா கடைசி வரைக்கும் பார்க்கவில்லை. ஆனால் அதன் பாட்டுகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டில், காலையில் ஸ்கூலுக்குப் போக ஆயத்தமாகும் நேரத்தில் ஹிந்தி ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும். 'லக் ஜா கலே' வந்துவிட்டால் வாப்பா கையை உயர்த்துவார். வீடே வாய்மூடிவிடும். பாட்டு முடிந்ததும், "நம்மட நஸீபும் இதுல ஈக்கி, வெளங்குதா?" என்பார்.

ஹிந்தியில் ஒரு வசனம் பேசத் தெரியாத மனிசர் எதைச் சொன்னார் என்பது, தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துப் பட்டம் எடுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் பிடித்த அந்த ஒற்றைச் சொல்லின் பின்னால் போனால், நம்மவர் எழுதிவைக்காத ஒரு சரித்திரம் தெரியவருகிறது.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன். இயக்கியவர் ராஜ் கோஸ்லா, இசை மதன் மோகன். மழை கொட்டும் இரவில், வெள்ளைச் சேலை உடுத்த பெண்ணொருத்தி நடுவீதியில் நிற்கிறாள். டாக்டர் ஆனந்த் (மனோஜ் குமார்) அவளைக் காரில் ஏற்றிக்கொள்கிறார். அவள் இறங்கிப்போவதோ ஒரு மையவாடிக்குள். பிறகு டாக்டரின் காதலி கொலையாகிறாள். தாய் பார்த்து முடித்துவைத்த பெண்ணின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தால், அதே மழை இரவுப் பெண்ணின் முகம்! (இரண்டிலும் சாதனா.) இவள் ஆவியா, முன்பிறவி பாக்கியா, இல்லை தனக்குத்தான் மூளை கலங்கிவிட்டதா என்று டாக்டர் தவிக்கிறார். கடைசியில் ஆவியுமில்லை, பிறவியுமில்லை. சொத்துக்காக உறவுக்காரன் செய்த சூழ்ச்சி என்று வெளிச்சமாகிறது.

பாட்டுகளை எழுதியவர் ராஜா மெஹ்தி அலி கான். உருதுவில் நகைச்சுவைக் கவிதைக்குப் பேர்போனவர். சிறுகதை மேதை மன்டோவின் நண்பர். பிரிவினைக்குப் பிறகு 1948இல் மன்டோ லாகூருக்குப் போய்விட்டார். இவர் பம்பாயிலேயே தங்கினார். 1966இல் காலமாகும் வரை அங்கேதான் பாட்டெழுதினார்.

'லக் ஜா கலே'யில் ஹஸீன், முலாகாத், நஸீப் என்ற மூன்று சொற்கள் வருகின்றன. மூன்றும் அரபு மூலத்தவை. நஸீபு நம் வீட்டுப் பேச்சில் அன்றாடம் புழங்குவது. ஹஸீனா என்று பிள்ளைகளுக்குப் பேர் வைக்கிறோம். முலாகாத் என்றால் சந்திப்பு. ஓதிப் படித்தவர்களுக்கு அதுவும் அந்நியமில்லை. வாப்பா போன்றவர்களுக்கு இந்தப் பாட்டு முழுசாக விளங்கவில்லை. முழுசாக விளங்காமலும் இல்லை.

முலாகாத் என்ற அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே 'ஜனம்' என்ற சொல்லும் நிற்கிறது. நம் தமிழில் ஜன்மம், பிறவி. மறுபிறவியை ஏற்காத மார்க்கத்தில் பிறந்த கவிஞர், கதையில் வரும் ஹிந்துப் பெண்ணின் வாயில் அவளுக்குரிய சொல்லை வைத்து, அதன் பக்கத்தில் அரபுச் சொல்லையும் இருத்தியிருக்கிறார். இரண்டும் உறுத்தாமல் இருக்கின்றன. நாடு பிளந்து பதினேழு வருஷத்துக்குப் பிறகும் மொழி பிளக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி எதற்கு?

சரி, பம்பாயில் பிறந்த பாட்டு கொட்டாஞ்சேனைக்கு எப்படி வந்தது? உண்மையில் பலருக்கு அது கொழும்பிலிருந்துதான் போனது. இரண்டாம் உலக யுத்தத்தையொட்டி நேசப் படைகளின் வானொலிக்காக இங்கே சக்திவாய்ந்த சிற்றலைப் பரப்பி நிறுவப்பட்டது. பிறகு அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கான நேரத்தைக் குறைத்தார். தயாரிப்பாளர்களோடு ஏற்பட்ட பிணக்கில் சினிமாப் பாட்டு அங்கே கிட்டத்தட்ட இல்லாமலே போனது. இந்திய ரசிகர்கள் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினார்கள். அதே வருஷக் கடைசியில் 'பினாக்கா கீத் மாலா' ஆரம்பமானது. அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவுசெய்வார். நாடா விமானத்தில் கொழும்புக்கு வரும். டொரிங்டன் சதுக்கத்திலிருந்து இந்தியா முழுதும் கேட்கும். 1957இல் அகில இந்திய வானொலி 'விவித் பாரதி'யைத் தொடங்கிய பிறகும் கொழும்பை விட்டுவிடாதவர்கள் ஏராளம்.

அமீன் சயானியின் தாயார் குல்சும் சயானி 'ரஹ்பர்' என்ற பத்திரிகையை நடத்தியவர். எளிய ஹிந்துஸ்தானியை தேவநாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளிலும் அச்சிட்டார். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் மரபினரான நமக்கு இது புதினமான காரியமில்லை. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளையின் குரலுக்குத்தான் நம் ஊர் மேடை கொடுத்தது.

1966இல் இதே படம் தமிழில் 'யார் நீ?' ஆனது. ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்தார்கள். இசையமைத்த வேதா, மதன் மோகனின் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். கண்ணதாசன் எழுதி பி. சுசீலா பாடிய 'பொன்மேனி தழுவாமல்' அதே 'லக் ஜா கலே' மெட்டுதான். நல்ல தமிழ், நல்ல பாட்டு. ஆனால் வாப்பாவின் நஸீபு அதில் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் மாமா வீட்டுக்குப் போனால் அங்கே தமிழ்ப் பாட்டு ஓடும். வாப்பா, "மெட்டு அதேதான், சொல்லு வேற" என்று சிரிப்பார்.

சிங்களத்திலும் இந்தப் பயணம் நடந்தது. சேலத்தில் பிறந்து 1930களில் கொழும்புக்கு வந்த மர்ஹூம் அல்ஹாஜ் முஹிதீன் பேக், ஹிந்தி மெட்டுகளில் அமைந்த எத்தனையோ சிங்களப் பாட்டுகளைப் பாடினார். அவர் பாடிய பௌத்த பக்திப் பாட்டுகள் வெசாக் காலத்தில் இன்றும் ஒலிக்கின்றன.

பாட்டுக் கேட்பது கூடுமா, கூடாதா என்ற வாதம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை. ஆனால் கேட்டார்கள் என்பது சரித்திரம். அந்த வாதத்துக்குப் பயந்தே அதை எழுதாமல் விட்டுவிட்டோம். எழுதாமல் விட்டதில் பாட்டு மட்டும் போகவில்லை. நம் பேச்சு எந்தெந்தக் கடல்களோடு தொடர்புடையது என்ற அறிவும் சேர்ந்து போகிறது.

போன தவணை வகுப்பில் திசைச்சொல் நடத்தும்போது 'நஸீபு' என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் பலர் முழித்தார்கள். பின்வரிசைப் பிள்ளை ஒன்று மட்டும், "எங்கட உம்மும்மா செல்ற சொல்லு, டீச்சர்" என்றது.

வாப்பா மவுத்தாகிவிட்டார். அவர் எந்தெந்தப் பாட்டில் எந்தெந்தச் சொல்லைப் பிடித்தார் என்று நான் குறித்துவைக்கவில்லை. உங்கள் வீட்டில் அப்படிக் கேட்ட ஒருவர் இருந்தால், அவர் ஹயாத்தோடு இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.