சிறையிற் பிறந்த வரலாறுகள்

வரலாறும் வாழ்க்கை வரலாறும் வரைவார்க்கு இன்றியமையாதன மூன்று: மூலச்சான்றுகள், ஓய்வு, உண்மையை அஞ்சாது கூறும் உரிமை. இவற்றுள் சான்றும் உரிமையும் ஒருங்கே பறிக்கப்பட்ட ஒருவர் யாது செய்தார் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

ஆன்றி பிரேன் என்பார் பெல்ஜிய நாட்டுக் கெண்ட் பல்கலைக் கழகத்தில் வரலாற்றாசிரியராய் விளங்கியவர். 1914-இல் மூண்ட பெரும்போரிற் செருமானியர் அந்நாட்டைக் கைப்பற்றினர். தம் ஆட்சியின்கீழ் அக்கழகத்தை மீளத் திறக்க அவர்கள் முயன்றபோது பிரேன் உடம்பட மறுத்தார். அதனால் 1916 மார்ச்சுத் திங்களிற் பிடிக்கப்பட்டுச் செருமனிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இளமையில் லைப்சிக், பெர்லின் நகரங்களுக்குச் சென்று கற்ற அவர்க்கு, கல்வி தந்த நாடே காவலிடமும் ஆயிற்று.

ஹோல்ஸ்மிண்டன் முகாமில் உடனிருந்த உருசிய மாணவர்க்கு அவர் பொருளியல் வரலாறு கற்பித்தார். தாம் உருசிய மொழி கற்றார். பின்னர்க் கிராய்ட்ஸ்பர்க் என்னுஞ் சிற்றூரில் இருத்தப்பட்டபோது, 1917-இல், ஐரோப்பாவின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். நூலகம் இல்லை, தம் குறிப்புக்களும் இல்லை, நினைவொன்றே துணை. 1918-இல் விடுதலை எய்தியபோது நூல் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் நின்றது. 1935-இல் அவர் மறைந்தபின், அடுத்த ஆண்டு அவர்தம் மைந்தர் அதனை வெளியிட்டார்.

அற்றேல், வரலாறு எழுதுவார்க்கு நூலகம் வேண்டாவோ எனின், அன்று. பிரேன் நினைவிலிருந்து எடுத்தவை யாவும் பல்லாண்டு சுவடிகளை ஆராய்ந்து முன்னரே ஈட்டியவை. இரண்டாம் பெரும்போரில் 1940-இற் சிறைப்பட்ட பிரெஞ்சு ஆசிரியர் பெர்நான் பிரோடெல் என்பாரும், மைன்ஸ், லூபெக் நகர்களின் முகாம்களிலிருந்து மத்தியதரைக் கடலுலகின் வரலாற்றைப் பள்ளிக் குறிப்பேடுகளில் எழுதினார். அவரும் போருக்கு முன்னரே இசுப்பானியா, இத்தாலி முதலிய நாடுகளின் ஆவணச்சாலைகளிற் பல்லாண்டு உழைத்தவர். விடுதலைக்குப்பின் சான்றுகளோடு ஒப்புநோக்கித் திருத்திய பின்னரே 1949-இல் அந்நூலை வெளியிட்டார். திறந்த ஆவணச்சாலை முன்னர் இல்லையாயின், மூடிய சிறையில் நூல் விளைந்திராது.

ஆகலின், இவர்தம் உறுதியைப் போற்றுவார், துன்பமே நூலை ஈன்றது என மயங்கற்க. சிறையில் முடங்கி எழுதாதொழிந்தார் எத்துணையரோ! அறிஞரைப் போற்றும் நாடு செய்யற்பாலது, ஆவணங்களை அழியாது காத்து ஆராய்வார்க்குத் திறந்து வைத்தலும், ஆள்வோர்க்கு இசைய எழுதுமாறு அவரை நெருக்காமையுமே யாம்.