ஊர் மனசை எழுதி வைத்தவர்கள்

நாசரேத்தில் நாங்கள் காலையில் கூடும் டீக்கடைக்கு, மாசத்துக்கு ஒரு தடவையாவது போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு ஒருத்தர் வருவார். "என்ன அண்ணாச்சி, ஊர்ல என்ன பேசிக்கிடுதாவ?" என்று சாதாரணமாத்தான் கேட்பார். சொன்னது மேலே போகும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால வாழைத்தார் விலை, ஆத்துத் தண்ணி என்று சொல்லி முடித்துவிடுவோம். மனசில் இருக்கிறதை எவன் சொல்லுவான்?

நம்ம பக்கத்தில் இது பழைய வேலை. 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய கூட்டங்களுக்குப் போலீஸ்காரர்கள் போய்க் குறிப்பெடுத்தார்கள். அந்தக் குறிப்புகள்தான் பிறகு ராஜதுரோக வழக்கில் சாட்சி. மெட்ராஸில் தமிழ்ப் பத்திரிகைகளை மொழிபெயர்த்து, அரசாங்கத்துக்கு வாராவாரம் அறிக்கையும் கொடுத்தார்கள். யார் என்ன பேசினான், யார் என்ன எழுதினான், எல்லாம் காகிதத்தில் இருந்தது.

ஆனா ஊர் மனசு மேடையிலயா இருந்தது? பிப்ரவரி 27-ம் தேதி கோரல் மில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் வாரத்தில் ஒருநாள் லீவும் கேட்டார்கள். ஊரே அவர்கள் பக்கம். அந்த நாட்களில் நடந்ததாக ஒரு கதை சொல்லுவார்கள். வெள்ளைக்காரன் பக்கம் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், விஷயம் தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். பாதி மீசையோடு வக்கீல் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு வருஷ அறிக்கை சொல்லாததை அந்தக் கத்தி சொல்லியிருக்கும்.

மார்ச் முதல் வாரத்தில் மில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். ஆனா பேசுகிறவர்களை உள்ளே போட்டால் ஊர் அடங்கும்னு கலெக்டர் விஞ்ச் நினைத்தார். 12-ம் தேதி கைது. மறுநாளே திருநெல்வேலியில் கடைகள் மூடின. நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் மில்லுக்காரங்களோடு வண்டிக்காரர், சவரத் தொழிலாளி எல்லாரும் வேலைக்குப் போகவில்லை. இவங்க யாரும் மேடை ஏறினவங்க இல்லை. அப்புறம் தண்டப் போலீஸை நிறுத்தி, அதுக்கான செலவையும் ஊர்க்காரங்க தலையிலேயே வரியாகப் போட்டார்கள். அதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல்.

அது அந்தக் காலம் என்று விட முடியவில்லை. அதே தூத்துக்குடியில் 2018 மே 22, தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள், 13 பேர் சாகும்படி துப்பாக்கிச் சூடு நடந்தது. இந்தத் தடவை மனசை அளக்காமல் விடவில்லை. உளவுத்துறை முன்கூட்டியே தகவல் கொடுத்தும் அதிகாரிகள் அதன்படி நடக்கவில்லை என்று அருணா ஜெகதீசன் ஆணையமே சொன்னது. அளந்து கொடுத்த காகிதத்தைப் படிக்க ஆள் இல்லை.

அன்னைக்கு நான் வாழைக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டிருந்தேன். சாயங்காலம் டீக்கடையில் டிவி சத்தம் மட்டும்தான். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏட்டு வந்திருந்தால் எழுதிக்கொள்ள ஒண்ணும் கிடைத்திருக்காது.