இராமசாமியின் கறியும் இங்கிலாந்தின் ஏக்கமும்

'மெட்ராஸ் கறி' என்ற பெயரில் ஓர் உணவு உலகின் பல நகரங்களில் கிடைக்கிறது, சென்னையில் கிடைப்பதில்லை. இங்கிலாந்தின் எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும் அங்குள்ள இந்திய உணவகத்தில் 'மெட்ராஸ்' என்பது ஓர் ஊரின் பெயரன்று, உறைப்பின் ஓர் அளவு. 'கோர்மா' என்றால் உறைப்பு இல்லை; 'மெட்ராஸ்' என்றால் நல்ல உறைப்பு; 'விண்டலூ' அதற்கும் ஒரு படி மேல்; 'ஃபால்' என்பது பந்தயம் கட்டி உண்போருக்கு உரியது. இந்த மெட்ராஸ் கறியை நினைத்து ஸ்பெயினின் கடற்கரை ஊர்களிலும் பிரான்சின் கிராமங்களிலும் ஏங்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தமிழர்கள் அல்லர், இந்தியர்களும் அல்லர். பணி ஓய்வுக்குப் பின் வெயிலைத் தேடிப் போய்க் குடியேறிய ஆங்கிலேயர்கள். வெயில் கிடைத்துவிட்டது, கறி கிடைக்கவில்லை. ஆகவே தங்கள் அடுப்படியில் அதை மீண்டும் உண்டாக்க ஆண்டுக்கணக்கில் முயல்கிறார்கள்.

இதை வேடிக்கையாகக் கருதி நகர்ந்துவிடலாம். ஆனால் இந்த ஏக்கத்தின் தடம் பிடித்துப் பின்னோக்கி நடந்தால் அது இருநூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து நம் ஊர் அடுப்படியில் வந்து நிற்கிறது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். சங்கப் பாடல்களில் 'கறி' என்றால் மிளகு. முசிறிக்குப் பொன்னோடு வந்த யவனர் கலங்கள் கறியோடு திரும்பிய செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. காலப்போக்கில் கறி என்பது சோற்றுடன் சேர்த்து உண்ணும் காயையும் இறைச்சியையும் குறிக்கலாயிற்று. (மிளகைக் குறிக்கும் கறியும் இந்தக் கறியும் ஒரே வேரினவா என்பது அறிஞர்கள் வாதிடும் பொருள்.) தென்னாட்டுக் கரைகளில் இச்சொல்லைக் கேட்ட போர்த்துக்கீசியர் அதைக் 'காரில்' என்றனர்; ஆங்கிலேயர் 'கர்ரி' என்றனர். நமக்கு ஒரு பதார்த்தமாக இருந்தது, அவர்களுக்கு ஒரு நாட்டின் சமையல் முழுவதற்கும் பெயராயிற்று.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக வந்து, பொருளீட்டி, நாடு திரும்பிய ஆங்கிலேயரே கறிக்காக ஏங்கிய முதல் ஆங்கிலேயர்கள். மதராஸிலும் கல்கத்தாவிலும் நாள்தோறும் கறியும் சோறும் உண்டு பழகிய நாக்கு, லண்டனின் அவித்த இறைச்சியோடு ஒத்துப்போகவில்லை. 1747இல் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூலிலேயே இந்திய முறையில் கறி செய்யும் குறிப்பு ஒன்று உண்டு. முதற்பதிப்பில் அதற்குரிய மசாலா மிளகும் கொத்துமல்லி விதையும் மட்டுமே. 1773இல் லண்டன் ஹேமார்க்கெட்டில் ஒரு காப்பிக் கடை தன் உணவு வகைகளில் கறியையும் சேர்த்தது. 1784இல் பிக்காடில்லியில் இருந்த ஒரு வாசனைப் பொருட்கடை கறித்தூள் விற்பதாக விளம்பரம் செய்தது.

இந்தக் 'கறித்தூள்' நம் கவனத்துக்கு உரியது. நம் வீடுகளில் ஒவ்வொரு குழம்புக்கும் அரைப்பு வேறு. மீனுக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று, கத்தரிக்காய்க்கு ஒன்று. அன்றன்று அம்மியில் அரைப்பவரின் கைப்பதமே அதன் இலக்கணம். நாடு திரும்பிய ஆங்கிலேயரால் அம்மியைக் கொண்டுபோக முடிந்திருக்கலாம். அரைத்த கையைக் கொண்டுபோக முடியவில்லை. அந்தக் கைக்கு மாற்றாக வந்ததே குப்பியில் அடைத்த தூள். எந்த இறைச்சியானாலும் ஒரே தூள், ஒரே மணம். மதராஸின் நினைவு அதில் இருந்தது. மதராஸின் சமையல் அதில் இல்லை.

இந்த ஏக்கத்தை வாணிகமாக்கத் துணிந்தவர் பாட்னாவில் பிறந்த தீன் முகமது. 1810இல் லண்டன் போர்ட்மன் சதுக்கத்தருகே 'ஹிந்துஸ்தானி காப்பி ஹவுஸ்' என்ற உணவகத்தைத் திறந்தார். இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய கனவான்களே அவர் எதிர்பார்த்த வாடிக்கையாளர்கள். கறியுடன் உக்காவுக்கும் ஏற்பாடு இருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1812இல், திவாலானார். அத்தகைய கனவான்களின் வீடுகளில் கறி சமைக்க ஆள் இருந்தது தோல்விக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலில் இந்தியாவிலிருந்து வந்த ஜோஸ் செட்லிக்காக அவன் தாய் வீட்டில் கறி சமைப்பிக்கும் காட்சியை நினைவுகூரலாம். அதே காலத்தில் நம் மிளகுத் தண்ணீர் 'முல்லிகட்டானி' என்ற பெயரில் ஆங்கிலேய மேசைகளில் சூப்பாக அமர்ந்துவிட்டது. மதராஸ் மாகாணத்து அதிகாரிகளுக்கே 'முல்' என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது.

இனி இராமசாமியிடம் வருவோம். 1878இல் மதராஸில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. எழுதியவர் மதராஸ் குதிரைப்படையில் பணியாற்றிய கென்னி ஹெர்பர்ட். 'வைவர்ன்' என்பது புனைபெயர். மதராஸில் வாழும் ஆங்கிலக் குடும்பத் தலைவியருக்காக எழுதப்பட்ட நூல் அது. விருந்துகளில் பிரெஞ்சுப் பதார்த்தங்களுக்கு மதிப்புக் கூடிக் கறிக்கு இடம் குறைந்துவிட்டதை அவர் பதிவு செய்கிறார். நல்ல கறியின் கலையை மீட்க விரும்பிக் கறித்தூளுக்கு விரிவாக அளவு சொல்கிறார். அந்நூல் முழுதும் நடமாடும் சமையற்காரருக்கு அவர் இட்ட பெயர் 'இராமசாமி'. அது ஒரு தனி மனிதரின் பெயரன்று. மதராஸ் சமையற்காரர் எவரானாலும் இராமசாமிதான். இராமசாமிக்கு இதைக் கற்றுக்கொடுங்கள், இராமசாமியை இதில் கண்காணியுங்கள் என்ற போக்கிலேயே அறிவுரைகள் செல்கின்றன. கறியைக் கற்றுத் தந்தவர் யாரோ, அவரே இங்கே கற்பிக்கப்பட வேண்டியவராக ஆகிவிடுகிறார். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "அவருடைய உண்மைப் பெயர் என்ன ஐயா?" என்று கேட்டாள். வரலாற்றிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

அடுத்த நூற்றாண்டில் இக்கேள்வி வேறொரு கரையில் எழுகிறது. பிரித்தானியக் கப்பல்களில் நெருப்பறையில் நிலக்கரி தள்ளவும் அடுக்களையில் எடுபிடி வேலை செய்யவும் வங்காளத்தின் சில்ஹெட் பகுதியினர் பெருமளவில் அமர்த்தப்பட்டனர். லண்டன் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி மறைந்தவர்களில் பலர் உணவகங்களில் பாத்திரம் கழுவித் தொழில் கற்றனர். 1926இல் ரீஜென்ட் தெருவில் தொடங்கப்பட்ட 'வீராசாமி' போன்ற இடங்கள் செல்வர்களுக்கு உரியவை. சில்ஹெட்டியர்களோ போருக்குப்பின் மலிவாகக் கிடைத்த காப்பிக் கடைகளையும் மீன் வறுவல் கடைகளையும் வாங்கி, இரவு நெடுநேரம் திறந்து வைத்தனர். மதுக்கடை மூடிய பின் பசியோடு வரும் கூட்டம் அவர்களுடைய வாடிக்கையாயிற்று. அந்த மாலுமிகளின் வாய்மொழி வரலாறுகளைக் கரோலின் ஆடம்ஸ் என்பவர் தொகுத்து 1987இல் நூலாக்கியிருக்கிறார்.

ஒரே நேரத்தில் நாற்பது பேர் வந்து அமர்ந்து நாற்பது விதமாகக் கேட்டால் என்ன செய்வது? அதற்கு அவர்கள் கண்ட விடைதான் பிரித்தானியக் கறியின் இலக்கணம். பெரிய அண்டாவில் நிறைய வெங்காயம். அதனுடன் இஞ்சி, பூண்டு, சிறிது தக்காளி, மஞ்சள், எண்ணெய். இவற்றை நெடுநேரம் வேகவைத்து, வழவழப்பாக அரைத்து, நீர்த்த பொதுக் குழம்பாக வைத்துக்கொள்வது. இறைச்சி முன்னரே வெந்து தனியாகக் காத்திருக்கும். ஒருவர் கேட்டவுடன் வாணலியில் எண்ணெய், இஞ்சி பூண்டு விழுது, மசாலாக் கலவை, தக்காளிக் கரைசல் ஆகியவற்றை இட்டு, கடுந்தீயில் ஓரங்கள் பற்றிப் பிடிக்கும்வரை வதக்கி, பொதுக் குழம்பை இரண்டு மூன்று தவணையாக ஊற்றிச் சுண்டவைத்தால் பத்து நிமிடத்தில் கறி ஆயத்தம். மிளகாய்த்தூள் கூடினால் மெட்ராஸ். பாலேடும் தேங்காயும் சேர்ந்தால் கோர்மா. நெருக்கடியில் பிறந்த தொழில்நுட்பம்தான் இது. ஆயினும் அதன் சுவை வேறெங்கும் இல்லாத சுவை.

இதில் ஒரு துயரமும் உண்டு. சில்ஹெட்டின் சொந்த உணவு இதுவன்று. ஆற்று மீனும், கருவாடும், 'சாத்கரா' என்னும் நறுமணப் புளிப்புக் காயிட்ட குழம்பும் அவர்களுடையவை. வாடிக்கையாளர் சென்றபின் அடுக்களையில் அவர்கள் தமக்கெனச் சமைத்தது வேறு. மேசைக்கு அனுப்பியது வேறு. தன் ஊர்ச் சோற்றுக்கு ஏங்கிய ஒருவர், தமக்கு அந்நியமான ஒரு கறியைச் சமைத்துக் கொடுத்து, இன்னொருவரின் எதிர்கால ஏக்கத்துக்கு விதை ஊன்றினார்.

அந்த விதைதான் ஸ்பெயினில் முளைத்தது. கோஸ்டா பிளாங்காவிலும் கோஸ்டா டெல் சோலிலும் குடியேறிய ஆங்கிலேயர் தேடியது அந்தப் பொதுக் குழம்பின் சுவையையே. 1982இல் மதுர் ஜாஃப்ரி பிபிசி தொலைக்காட்சியில் வீட்டுமுறை இந்தியச் சமையலைக் கற்பித்தார். அதே ஆண்டில் பாட் சாப்மன் என்பவர் கறி விரும்பிகளுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். ஜாஃப்ரியின் முறையில் சமைத்தவர்கள் நல்ல இந்திய உணவை உண்டனர். ஆனால் வெள்ளிக்கிழமை இரவில் தெருமுனைக் கடையில் உண்டது அதில் வரவில்லை. 1989இல் கிரிஸ் தில்லன் தம் நூலில் வெங்காயக் குழம்பின் இரகசியத்தை வெளியிட்ட பிறகே பலருக்குத் தாம் எங்கே தவறினோம் என்பது விளங்கியது. அதன்பின் அயலில் வாழ்வோர் அண்டா வாங்கினர். அடுப்பின் தீ போதவில்லை என்று வருந்தினர். வெந்தயக்கீரை உலர்த்தியதை ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தனர்.

இதை நாம் எள்ளி நகையாட இடமில்லை. வீட்டில் எத்தனை முறை முயன்றாலும் பரோட்டாக் கடைச் சால்னா வருவதில்லை என்பதை நாமும் அறிவோம். அம்மாவின் குழம்புக்கு ஏங்குவது உயர்ந்த ஏக்கம், கடைக் குழம்புக்கு ஏங்குவது தாழ்ந்தது என்று பிரிப்பதில் பொருளில்லை. உண்ட இடத்தில், உண்ட வயதில், உடன் அமர்ந்தவரோடு சேர்ந்தே சுவை நினைவில் தங்குகிறது. 'அசல் இந்திய உணவு இதுவன்று' என்பது உண்மையே. அவர்கள் தேடுவது இந்தியாவை அன்று. பர்மிங்ஹாமின், பிராட்ஃபோர்டின் ஓர் இரவை. அந்த இரவுக்கு அதுவே அசல். 2001 ஏப்ரலில் பிரித்தானிய வெளியுறவு அமைச்சர் ராபின் குக் 'சிக்கன் டிக்கா மசாலா'வைப் பிரித்தானியாவின் தேசிய உணவாகவே குறிப்பிட்டதும் இதனால்தான்.

எனவே அசலா போலியா என்ற வினாவை ஒதுக்கிவிட்டு, வேறொன்றைக் கேட்கலாம். மதராஸ் துரை கறியைக் குப்பித் தூளாக்கிக் கொண்டுபோனார். ஸ்பெயின் வாசி அதை 'இரகசியக் குறிப்பு' ஆக்கிக் கொண்டுபோனார். இரு முறையும் பதார்த்தம் கடல் கடந்தது. சமைத்தவரின் பெயர் கரையிலேயே நின்றுவிட்டது. இங்கே இராமசாமி, அங்கே பெயரே கேட்கப்படாத ஒரு சில்ஹெட்டி.

அந்த உணவகங்கள் பலவும் இன்று நெருக்கடியில் உள்ளன. உரிமையாளர்களின் பிள்ளைகள் பலர் படித்து வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். அயல்நாட்டுத் தேர்ச்சிப் பணியாளருக்கான குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்தை 2024 ஏப்ரலில் பிரித்தானிய அரசு 26,200 பவுண்டிலிருந்து 38,700 பவுண்டாக உயர்த்தியது. சிறு உணவகத்தின் சமையற்காரருக்கு அத்தொகை எட்டாதது. கறியைத் தேசிய உணவு என்று கொண்டாடும் நாடு, அதைச் சமைப்பவருக்குக் கதவை இறுக்கியது.

மெட்ராஸ் கறியின் குறிப்பு இனி அழியாது; அளவு பிசகாமல் ஆயிரம் வீடுகளில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்புகளின் ஓரத்தில் சமைத்தவரின் பெயரையும் ஊரையும் யாரேனும் குறித்து வைத்திருந்தால், கறியின் வரலாற்றை இராமசாமி என்ற பொதுப்பெயரின்றி எழுத அது ஒரு தொடக்கமாகும்.