சாத்தம் தீவு: கைதிகள் அறுத்த மரமும் ஒரு துறைமுக நகரமும்

இங்கிலாந்தின் தொழில்நகரங்கள் பலவும் இடைக்காலச் சந்தையூர்களின்மேல் அடுக்கடுக்காக எழுந்தவை. ஷெஃபீல்டு 14-ஆம் நூற்றாண்டிலேயே கத்திக்குப் பெயர்பெற்றிருந்தது. 1624-இல் அங்கிருந்த கத்திக் கொல்லர்களின் சங்கம் நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்பு பெற்றது. நீராவி எந்திரமும் எஃகு உலையும் அதற்குப் பிறகே வந்தன. கென்ட் மாவட்டத்தின் சாத்தம், 16-ஆம் நூற்றாண்டு முதல் 1984 வரை அரச கடற்படைக்குக் கப்பல் கட்டிய ஊர். அந்தமானில் அதே பெயருடன் போர்ட் பிளேர் துறைமுகத்தினுள் நிற்கும் சிறு தீவு இந்த வரிசையில் சேராது. அங்கே எழுந்த தொழிலுக்கு முன்னால் சந்தையும் இல்லை, கைவினைஞர் சங்கமும் இல்லை. யாரும் நடாத காடும், விரும்பி வராத மனிதர்களின் உழைப்புமே இருந்தன. தென் அந்தமானில் இன்று வாழும் தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் மலையாளியரும் ராஞ்சியிலிருந்து வந்தவர்களும் ஏதோ ஒரு வகையில் அந்தக் காட்டோடும் அந்த உழைப்போடும் உறவுடையவர்கள் என்பதால், இத்தீவுகளின் வரலாற்றைச் சிறைச்சாலையிலிருந்து மட்டும் அல்லாமல் மரம் அறுக்கும் ஆலையிலிருந்தும் எழுத வேண்டியுள்ளது.

இடைக்காலத்தில் அந்தமான் கப்பல்கள் ஒதுங்கிச் சென்ற இடமாகவே இருந்தது. வங்கக் கடலைக் கடந்து மலாக்கா நீரிணையை நோக்கிச் சென்ற மரக்கலங்களுக்கு நிக்கோபார் தீவுகள் தண்ணீரும் தேங்காயும் கிடைக்கும் இடைத்தங்கலாகப் பயன்பட்டன. முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டையொட்டி நடத்திய கடாரப் படையெடுப்பைப் பாடும் மெய்க்கீர்த்தியில், அதாவது மன்னனின் வெற்றிகளை அடுக்கிக் கூறும் கல்வெட்டு முன்னுரையில், வரும் மாநக்கவாரத்தை ஆய்வாளர் நிக்கோபார் என்றே கொள்கின்றனர். 9-ஆம் நூற்றாண்டு அரபு வணிகர் சுலைமானின் பெயரால் வழங்கும் குறிப்பு, அத்தீவினர் இரும்புக்கு மாற்றாகத் தேங்காயும் அம்பரும் கொடுத்ததைச் சொல்கிறது; அம்பர் என்பது திமிங்கிலத்தின் குடலில் உருவாகிக் கரையொதுங்கும் நறுமணப் பொருள். அந்தமானைப் பற்றி அதே குறிப்பும், அதன்பின் மார்க்கோ போலோவும் சொன்னதெல்லாம் மனிதரைத் தின்னும் மக்களைப் பற்றிய கதைகளே. பின்வந்த ஆய்வுகள் அதற்குச் சான்று எதையும் காணவில்லை; ஆயினும் அந்தக் கதைகள் கிளப்பிய அச்சமே அத்தீவினரைப் பல நூற்றாண்டுகள் காத்தது என்று சொல்லலாம். அவர்களும் இரும்பை அறியாதவர்கள் அல்லர். உடைந்து கரையொதுங்கிய கப்பல்களிலிருந்து ஆணியையும் தகட்டையும் எடுத்து, உலையில் உருக்காமல் தட்டியும் தீட்டியும் அம்புமுனை செய்துகொண்டனர். தென் அந்தமானின் முதல் உலோகத் தொழில் என்று அதையே குறிப்பிட வேண்டும்.

1788-89-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இக்கரைகளை அளந்த ஆர்ச்சிபால்டு பிளேர், 1789-இல் சாத்தம் தீவில் ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினார். புயலில் சிக்கும் கப்பல்களுக்கு ஒதுங்கிடம் வேண்டும், கடற்கொள்ளையை அடக்க வேண்டும் என்பவை கம்பெனியின் நோக்கங்கள். 1792-இல் குடியேற்றம் வட அந்தமானுக்கு மாற்றப்பட்டது. அங்கே காய்ச்சல் மிகுந்து உயிரிழப்பு பெருகியதால் 1796-இல் அதுவும் கைவிடப்பட்டது. அதற்குப்பின் ஏறத்தாழ அறுபதாண்டுகள் காடு மீண்டும் தனக்குரியதை எடுத்துக்கொண்டது.

1857-இன் கிளர்ச்சிதான் ஆங்கிலேயரை மறுபடியும் இங்கே கொண்டுவந்தது. சிறைப்பட்டவர்களை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு மருத்துவர் மௌவட் தலைமையிலான குழு இத்துறைமுகத்தையே பரிந்துரைக்க, 1858 மார்ச் 10-இல் ஜே. பி. வாக்கர் என்ற அதிகாரி 200 கைதிகளுடன் வந்திறங்கினார். முதலில் சாத்தம் தீவிலேயே காடு வெட்டப்பட்டது. அங்கே குடிநீர் போதாமையால் தலைமையிடம் அருகிலுள்ள ராஸ் தீவுக்குப் போயிற்று. தப்பியோடிப் பிடிபட்ட 86 கைதிகளை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். 1859 மே மாதம் போர்ட் பிளேரின் அபர்தீனில் அந்தமானியர் நடத்திய தாக்குதல், அவர்களிடையே ஓராண்டு வாழ்ந்திருந்த துதநாத் திவாரி என்ற கைதி முன்கூட்டி எச்சரித்ததால் முறியடிக்கப்பட்டது.

போர்ட் பிளேரை ஒரு தண்டனை நிலையம் என்று மட்டும் எண்ணினால் அதன் நடைமுறை விளங்காது. அது கைதியின் உடலுழைப்பைப் படிப்படியாகப் பயன்படுத்தக் கணக்கிட்டு அமைக்கப்பட்ட ஒரு தொழில் அமைப்பு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுக்கப்பட்டிருந்த விதிகளின்படி, ஆண் கைதி முதல் ஆறு மாதங்களைத் தனிச்சிறையிலும், அடுத்த ஒன்றரை ஆண்டைக் கடும் ஒழுங்குள்ள கூட்டுச் சிறையிலும் கழித்தான். பின்னர் மூன்றாண்டுகள் கொட்டடியில் தங்கிக் கூலியின்றிக் கூட்டு வேலை செய்தான். அதன்பின் ஐந்தாண்டுகள் சிறு படியும் சிறு பொறுப்பும் பெற்ற உழைப்புக் கைதியானான். பத்தாண்டு இவ்வாறு கழிந்த பிறகே அவனுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. அதைப் பெற்றவன் ‘செல்ஃப் சப்போர்ட்டர்’, அதாவது தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும் கைதி. அவன் நிலம் உழலாம், மாடு வளர்க்கலாம், கடை வைக்கலாம், குடும்பம் அமைக்கலாம். குடியேற்றத்தை விட்டு மட்டும் போக முடியாது. போர்ட் பிளேரைச் சுற்றிக் காடு வெட்டித் திருத்திய நிலங்களில் இத்தகையோரின் ஊர்கள் தோன்றின. நகரத்துக்குத் தெற்கே சிடியாத்தாப்பு, வண்டூர் செல்லும் வழியிலுள்ள கராச்சர்மாவும் அந்தக் காலத்து ஊர்களில் ஒன்று. இன்று அதன் தெருக்களில் நடப்பவருக்கு வயலோ தோட்டமோ எளிதில் கண்ணில் படாது. ஆனால் சிறைக்கும் ஆலைக்கும் பட்டறைக்கும் அரிசியும் காய்கறியும் பாலும் இத்தகைய ஊர்களிலிருந்தே போயின. கைதியாக வந்து குடும்பம் அமைத்தவர்களின் வழித்தோன்றல்களைத் தீவுகளில் இன்றும் ‘லோக்கல் பார்ன்’ என்றே குறிப்பிடுகின்றனர்.

பீனிக்ஸ் பேயில் படகு கட்டும் துறையும் எந்திரப் பட்டறையும், டண்டாஸ் முனையில் செங்கல் சூளையும், சிறைக்குள் தேங்காயெண்ணெய்ச் செக்கும் கயிறு திரிக்கும் வேலையும் நடந்தன. இவை எல்லாவற்றிலும் நிலைத்து நின்றது மரத்தொழில்தான். 1883-இல் வனத்துறை அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் சாத்தம் தீவில் மரம் அறுக்கும் ஆலை தொடங்கியது. மக்கள் வாயில் ‘சாமில்’ என்றே வழங்கும் அந்த ஆலை ஆசியாவின் மிகப் பழைய, மிகப் பெரிய மரஆலைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. இடத்தேர்வு வெகு கூர்மையானது: தீவைச் சுற்றி ஆழமான கடல் இருந்ததால் மரத்தை மிதக்கவிட்டே ஆலைக்குள் கொண்டுவரவும், அறுத்த பலகையை மறுபுறம் கப்பலில் ஏற்றவும் முடிந்தது. காட்டில் வெட்டிய தடியை யானைகள் ஓடைக்கு இழுத்துவந்தன; மிதக்கும் மரங்களையும், கனம் மிகுந்து தானாக மிதக்காத மரங்களையும் சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கி, விசைப்படகால் இழுத்துவந்தனர். அறுத்த பலகையின் ஈரத்தை வெப்ப அறையில் வைத்து அளவாக நீக்கும் முறைக்குப் பதப்படுத்தல் என்று பெயர். அது இல்லாவிட்டால் பலகை வளையும், வெடிக்கும். இங்கிருந்து போன மரங்களில் தலையாயது படாக். செந்நிறமும் உறுதியும் கறையானை எதிர்க்கும் தன்மையும் கொண்ட இம்மரம் இயற்கையில் வளர்வது அந்தமானில் மட்டுமே. குர்ஜன் மரம் பின்னாளில் ஒட்டுப்பலகைக்கும், மெல்லிய மரவகைகள் தீக்குச்சிக்கும் பயன்பட்டன. வெட்டுவது எளிதாயினும் படாக்கை மறுபடி வளர்ப்பது எளிதாயிருக்கவில்லை. 1930-களில் பி. எஸ். செங்கப்பா என்ற வன அதிகாரி, விதானத்தைப் படிப்படியாக அகற்றி வெளிச்சத்தைக் கீழே இறக்கி இளங்கன்றுகளை எழச் செய்யும் முறையை வகுத்தார். இந்திய வனவியலில் மதிக்கத்தக்க சாதனை அது.

இந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள் முதலில் அந்தமானியர். போர்ட் பிளேரைச் சுற்றி வாழ்ந்த அக்கா-பியா மக்கள் காட்டையும் கடற்கரையையும் இழந்தனர். ‘அந்தமான் இல்லங்கள்’ என்ற பெயரில் ஆங்கிலேயர் அவர்களை அழைத்துவைத்த குடில்களில் புதிய நோய்கள் பரவின. 1877-இன் தட்டம்மை ஊர் ஊராக மக்களை அழித்தது. பல ஆயிரம் பேராயிருந்த பெரும் அந்தமானியர் 1961 கணக்கெடுப்பில் 19 பேராக எஞ்சினர். ஓர் ஆலையின் வரலாற்றை எழுதும்போது இந்த எண்ணை அடிக்குறிப்பில் ஒதுக்குவது நேர்மையாகாது.

1919-20-இன் சிறைச்சாலைக் குழு தண்டனைக் குடியேற்றத்தைக் கைவிடப் பரிந்துரைத்தது. கைதி வரவு குறையக் குறைய, காட்டுக்கும் ஆலைக்கும் கூலியாட்கள் தேவைப்பட்டனர். சோட்டா நாக்பூர் பகுதியிலிருந்து ராஞ்சி வழியாக வந்த பழங்குடித் தொழிலாளர் ‘ராஞ்சிக்காரர்’ என்று பெயர்பெற்றனர். 1925 முதல் பர்மாவின் கரேன் மக்கள் நடு அந்தமானில் குடியேறினர். மலபாரின் மாப்பிள முஸ்லிம் குடும்பங்கள் வந்தன. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் தொடர்ந்து வந்தனர். சிறைக்கொட்டடியில் முறையாகக் கற்ற தொழில், கூலிக்கொட்டகையில் வாய்மொழியாகக் கைமாறியது. யானைப்பாகரும் மரவெட்டியும் தெப்பக்காரரும் ரம்பக்காரரும் ஒருவர் மொழியை ஒருவர் கற்றுத் தங்களுக்குள் ஓர் இந்துஸ்தானியை வழங்கினர். அந்தமான் இந்தி என்று இன்று அறியப்படும் பொதுமொழிக்கு இந்தக் கலப்பே ஊட்டம்.

1941 ஜூன் 26-இன் நிலநடுக்கம் ராஸ் தீவின் கட்டடங்களைச் சிதைத்தது. 1942 மார்ச் 23-இல் ஜப்பானியர் நகரைக் கைப்பற்றினர். அந்தப் போரில் சாத்தம் ஆலை குண்டுவீச்சுக்கு ஆளானது. அதனால் ஏற்பட்ட பள்ளம் ஆலை வளாகத்தில் இன்னும் காக்கப்படுகிறது. லம்பா லைனில் விமான ஓடுதளம் அமைக்க ஊர்மக்கள் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டனர். சுபாஷ் சந்திர போஸ் 1943 டிசம்பர் 30-இல் இங்கே கொடியேற்றிய நிகழ்ச்சி எல்லா நூல்களிலும் இடம்பெறுகிறது. ஒரு மாதம் கழித்து 1944 ஜனவரி 30-இல் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர் ஒற்றர் என்ற குற்றச்சாட்டில் சுட்டுக்கொல்லப்பட்டது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. இரண்டும் ஒரே நகரத்தின் வரலாறு.

விடுதலைக்குப்பின் அரசு காட்டைத் தீராத செல்வமாகக் கருதியது. கிழக்கு வங்கத்து அகதிகளுக்கு 1949 முதல் காடு வெட்டி நிலம் பிரித்துத் தரப்பட்டது. 1951-இல் வட அந்தமான் காடுகள் பி. சி. ராய் கம்பெனிக்கு 25 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. அந்த முயற்சி நொடித்தபோது அதன் யானைகள் இன்டர்வியூ தீவில் அவிழ்த்துவிடப்பட்டு அங்கேயே காட்டு யானைகளாயின. பாம்பூஃபிளாட்டிலும் லாங் தீவிலும் பக்குல்தலாவிலும் ஒட்டுப்பலகை ஆலைகள் எழுந்தன. தீப்பெட்டிக் கம்பெனியான விம்கோ குச்சிக்கான மரத்தை இங்கிருந்து எடுத்தது. 1964-இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் நிக்கோபார் பகுதியின் கச்சல் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டனர். 2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தனர் என்பதன் பின்னால், அரசு வேலையும் வணிகமும் தேடி வந்தோருடன், இந்தக் காட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வந்த தலைமுறைகளும் உள்ளன.

காட்டழிவைத் தடுக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 2002 மே 7-இல் பிறந்த ஆணை, இயற்கைக் காட்டில் வணிகத்துக்காக மரம் வெட்டுவதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒட்டுப்பலகை ஆலைகள் மூடப்பட்டன. சாத்தம் ஆலை மட்டும் உள்ளூர்த் தேவைக்கான அளவில் சுருங்கி இயங்குகிறது, அதன் ஒரு பகுதி இப்போது வன அருங்காட்சியகம். அந்த ஆணை தேவையானதுதான். ஜாரவாப் பழங்குடியினரின் காட்டையும் தீவுகளின் நீர்வளத்தையும் அது காத்தது. ஆயினும் ஆலைகள் மூடப்பட்டபோது வேலையிழந்த குடும்பங்களுக்கு மாற்று வழி உரிய வேளையில் அமையவில்லை. அதன் சுமையைத் தாங்கியவர்கள் மரத்தால் செல்வம் சேர்த்தவர்கள் அல்லர்.

மூன்றாண்டுக்குள், 2004 டிசம்பர் 26-இன் நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் தரைமட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கராச்சர்மாவை அடுத்த சிப்பிகாட்டில், கைதிக் காலத்திலிருந்து படிப்படியாகத் திருத்தப்பட்ட வயல்களில் ஓதத்தின்போது உவர்நீர் ஏறி, பயிர்நிலம் சதுப்பாயிற்று. 1978-இல் தொடங்கப்பட்டு இன்று கராச்சர்மாவில் இயங்கும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம், உவர் தாங்கும் நெல் வகைகளையும் உப்புநீர் மீன்வளர்ப்பையும் இப்பகுதிக்கு ஏற்றவாறு ஆய்ந்துவருகிறது. நிலத்தைப் போலவே நகரத்தின் பெயரும் மாறியது: போர்ட் பிளேரின் பெயரை 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஸ்ரீ விஜய புரம் என்று மாற்றியது.

1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட செல்லுலார் சிறை, தேசிய நினைவுச்சின்னமாகப் போற்றப்படுகிறது. அங்கே வாடிய அரசியல் கைதிகளின் பெயர்கள் சுவர்ப் பலகைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. சாத்தத்தில் ரம்பத்தின் முன்னால் நின்றவர்களுக்கும், ஓடையில் தெப்பம் கட்டியவர்களுக்கும், யானையோடு காட்டில் தங்கியவர்களுக்கும் அப்படியொரு பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை. அவர்களில் கடைசித் தலைமுறையினர் இப்போது முதுமையில் உள்ளனர். கராச்சர்மாவிலும் ஹாடோவிலும் பாம்பூஃபிளாட்டிலும் அவர்களை உறவாகக் கொண்ட குடும்பங்கள், அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவாகவோ எழுத்தாகவோ இந்த ஆண்டே பதிந்து வைக்க வேண்டும். பழைய கூலி அட்டைகளையும் நிழற்படங்களையும் எறிந்துவிடாமல் வன அருங்காட்சியகத்திலோ பள்ளி நூலகத்திலோ சேர்க்க வேண்டும்.